கண் தேய்ந்த கிளி

மாமியாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, ஒரு பாக்குவெட்டிக்காக அக்காவும் தங்கையும் முட்டிக்கொண்டார்கள். தங்கை என் மனைவி. அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நகை நட்டைப் பிரித்தபோதுகூட ஒரு முணுமுணுப்பு வரவில்லை. வெற்றிலைத் தட்டில் கிடந்த இதற்கு வந்தது வினை.

“மூத்தவளுக்குத்தான் அது” என்றார் அண்ணி.

“தெனமும் ரெண்டு பஸ் மாறி லாலாகுடா போயி அம்மாவைப் பார்த்துக்கிட்டவ நான். எனக்குத்தான்” என்றாள் இவள்.

அன்றோடு பேச்சு நின்றது. அண்ணி ஊரின் ஒரு கோடியில் திருமுல்கேரியில், நாங்கள் மறுகோடியில் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில். ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட தபால்காரன் நான். சண்டை தீரும்வரை பாக்குவெட்டியும் என் பொறுப்பில். வருஷத் தெவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் சண்டை தீராவிட்டால் பெற்றவளுக்குப் படையலும் இரண்டு வீட்டில் தனித்தனியாக நடக்கும். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொழிற்சாலையில் எனக்கு டூல்ரூம் வேலை. வீட்டில் உளியும் பித்தளையுமாக உட்கார்ந்து பூ, கொடி செதுக்குவது என் பைத்தியம். அதனால் ஒரு யோசனை சொன்னேன். அதே மாதிரி இன்னொரு பாக்குவெட்டி செய்கிறேன். இரண்டையும் தட்டில் வைக்கிறேன். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். எது பழையது என்று யாரும் கேட்கக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன்.

“பார்த்தா எனக்கே தெரியக் கூடாது தம்பி. தெரிஞ்சுது, பழசை விடமாட்டேன்” என்றார் அண்ணி போனில். இவளிடம் கேட்டேன். “ஹவ், ஹவ், பார்க்கலாம்” என்று இந்த ஊர் உருதுவில் ஆமாம் போட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

பேகம் பஜாரில் அதே வளைவோடு, வேலைப்பாடு இல்லாத பழைய பாக்குவெட்டி ஒன்று கிடைத்தது. மாமியாருடையது தஞ்சாவூர்ப் பக்கத்து வேலை. இரண்டு பித்தளைக் கைப்பிடியிலும் கொடி ஓடி, நுனியில் ஒவ்வொரு கிளியாக முடியும். கிளியின் வால் எங்கே முடிகிறது, கொடி எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. மேல் கைப்பிடிக் கிளிக்கு மட்டும் கண் இல்லை. மாமியாரின் கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து போயிருந்தது. கொடியையும் இறகையும் செதுக்குவது பெரிதில்லை. அந்தத் தேய்மானத்தைக் கொண்டுவருவதுதான் பாடாய்ப் படுத்தியது.

வரச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை அண்ணி நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். மேல் கிளியின் கழுத்தில் கொஞ்சம் வேலை பாக்கி இருந்தது. கைப்பிடி அசையாதபடி அரக்கில் பதித்து, லென்ஸ் மாட்டிக்கொண்டு உள்ளறையில் குனிந்திருந்தேன். மனைவி கதவைத் திறந்த சத்தம் கேட்டது. வாங்க என்ற சத்தம் கேட்கவில்லை. அடுத்து சமையலறையில் பாத்திரங்கள் அடிபட்டன.

“தம்பி, ஆச்சா?”

“இதோ அண்ணி.”

உளியை அவசரப்படுத்தினேன். கடைசி இறகை முடித்தேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும், கை நிற்கவில்லை. எங்கள் வேலையில் எந்த உருவத்துக்கும் கண்ணைக் கடைசியில்தான் திறப்பது வழக்கம். இறகு முடிந்தால் அடுத்தது கண் என்று கைக்குப் பழகிப்போயிருந்தது. உளியைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டேன். பித்தளையில் பளிச்சென்று ஒரு கண்.

மடப்பயலே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அழிக்கத் தேய்த்தால் அந்த இடம் குழியும். குழிந்தால் இன்னும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். அரக்கைச் சூடு காட்டி இளக்கிக் கைப்பிடியை எடுத்தேன். வேறு வழியில்லாமல் இரண்டையும் தட்டில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனேன்.

“அண்ணி, கெடுத்துட்டேன். புதுசுல கண்ணு வெச்சுட்டேன்.”

மனைவி சமையலறையிலிருந்து விறுவிறுவென்று வந்தாள். யாரையும் கேட்கவில்லை. கண் இல்லாததை எடுத்து முந்தானைக்குள் பிடித்துக்கொண்டாள். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

அண்ணி சண்டைக்கு எழவில்லை. தட்டில் மிச்சமிருந்ததை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“கண்ணு இருந்துச்சு தம்பி. நான் ஸ்கூல் போறப்ப அம்மாவோட கிளி ரெண்டுக்குமே கண்ணு இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது இதுதான்.” பிறகு தங்கையைப் பார்த்தார். “அது எப்படி தேஞ்சுது?”

“பக்கத்துல இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

வெடுக்கென்றுதான் சொன்னாள். ஆனாலும் அக்காவிடம் அவள் பேசிவிட்டாள்.

அண்ணி பாக்குவெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். “கடைசில அம்மா என்னைக் கேட்டுச்சா?”

“கேக்கல.”

அண்ணியின் முகம் செத்துவிட்டது. மனைவி முந்தானையை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“கேக்கலக்கா. என்னையே நீன்னு நெனச்சுக்கிச்சு. கடைசி மாசம் பூரா உன் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டுச்சு. நானும் ஆமாம்மா, நான்தான் வந்திருக்கேன்னு சொல்லிச் சொல்லி சோறு ஊட்டுனேன்.”