தண்டவாளம் பெயர்த்த பாதை

நான் அளந்தவற்றையும் என் கண்முன் நடந்தவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். பிறர் சொல்லக் கேட்டதையும் சேர்த்தால், நீங்கள் எதையுமே நம்பமாட்டீர்கள். நான் நில அளவையாளன். இத்தகையவற்றை ஒருநாளும் நம்பியவனல்லன்.

எழுபதுகளில், ஓமான் நாட்டில் சலாலாவுக்கு அருகே அலைதடுப்புச் சுவர் கட்டுவதற்கு மலையிலிருந்து பாறை ஏற்றிவர ஒரு சிறு ரயில் பாதை இருந்தது. சுவர் முடிந்ததும் தண்டவாளங்களைப் பெயர்த்துக் கப்பலேற்றிவிட்டு, அத்தடத்தை ஊழியர் குடும்பங்கள் மாலையில் உலாவும் நடைபாதையாக்கினோம். துண்டு இரும்பும் எஞ்சவில்லை என்று கையொப்பமிட்டவன் நான்.

அந்தத் தடத்தில் முன்பு காவல் நின்றவர் ராமநாதபுரத்துக் காளிமுத்து. பாறை வெடிகளால் இரு காதும் போனவர். செருப்பைக் கழற்றித் தண்டவாளத்தில் வெறுங்காலை வைத்தே வண்டி வருவதை அறிவார். எத்தனை வண்டி என்று விரலால் காட்டுவார். அவர் செருப்பைக் கழற்றினால், கேள்வி கேட்காமல் விலகவேண்டும் என்பது சைட் விதி.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மனைவியோடும் மூன்று வயது மகளோடும் நடந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த காளிமுத்துவுக்கு மனைவி பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றித் தந்தாள்.

“கேம்ப் டீ குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சும்மா,” என்று சிரித்தவர், சட்டென்று செருப்பைக் கழற்றினார். ஒரு விரலைக் காட்டினார்.

“தண்டவாளமே இல்ல, எந்த வண்டிய்யா வருது?” என்று கையை விரித்துக் கேலி செய்தேன். மகள் பாதையில் உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளரில் மணல் அள்ளிக்கொண்டிருந்தாள்.

“பாப்பாவத் தூக்குங்க சார்.”

நான் அசையவில்லை. அவரே பாய்ந்து அவளை வாரியெடுத்தார். டம்ளர் அங்கேயே கிடந்தது.

ஒலியில்லை, காற்றுமில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தண்டவாளத்தில் வைத்த காலணாவைப் போல டம்ளர் தட்டையாயிற்று. அதில் பொறித்திருந்த என் மனைவியின் பெயர் இருமடங்கு நீண்டிருந்தது.

பையிலிருந்த நாடாவால் அளந்தேன். பாதையின் நடுவிலிருந்து ஒன்றேகால் அடி. பழைய தண்டவாளம் கிடந்த அதே தூரம்.

டம்ளரை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். காளிமுத்து இன்னும் செருப்பை மாட்டவில்லை. குழந்தையை என்னிடம் நீட்டி, இரண்டு விரல்களைக் காட்டினார்.

“இன்னும் ரெண்டு வருது சார்.”

இம்முறை நான் கேள்வி கேட்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு, மனைவியின் கையைப் பிடித்திழுத்து ஓடினேன்.

தட்டையான டம்ளர் இன்றும் என்னிடம் உள்ளது. அதை நசுக்கியது எது என்று எனக்குத் தெரியாது. மற்ற இரண்டும் வந்தனவா என்பதும் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.