தேனீக்கு வெல்லம் கரைத்த மழைக்காலம்

என் வீட்டுப் பின்புறம் தேன்பெட்டி வைத்து மூன்று வருடம் ஆகிறது. அந்த முதல் மழைக்காலத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு அசந்துபோகிறது.

அதற்கு முன்னால் எங்களுக்குத் தேன் என்றால் மரப்பொந்துதான். என் வீட்டுக்காரர் புகை போட்டு அடையை மொத்தமாக அறுத்து வருவார். புழுவோடு சேர்த்துப் பிழிவோம். தேனீ எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை. பெட்டியில் அப்படி இல்லை. கீழ் அறையில் வரிசையாக நிற்கும் மரச் சட்டங்களில் அடை கட்டி, ஈ நம்மோடேயே குடியிருக்கும். மேல் அறைத் தேனை மட்டும் எடுக்க வேண்டும். மழையில் பூ இல்லாதபோது நாம்தான் தீனி வைக்க வேண்டும். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, கொட்டாங்கச்சியில் ஊற்றி, ஈ முழுகாமல் இருக்க இரண்டு குச்சி போட்டு உள்ளே வைக்கும்படி ஜமுனாமரத்தூரில் நடந்த பயிற்சியில் சொன்னார்கள்.

வெல்லம் வைக்கலாமா என்று எனக்கு ஒரு சந்தேகம். சாமிக்கே வெல்லப் பொங்கல்தானே வைக்கிறோம், அதுதான் உசத்தி என்று நினைப்பு. ஆனால் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க எனக்குக் கூச்சம். அஞ்சாவது படிக்கும்போதே, வாத்தியார் கேட்டால் பதில் தெரிந்தும் தலையைக் குனிந்துகொள்வேன். கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. தினம் சாயங்காலம் வெல்லம் கரைத்து, வடிகட்டி, இடுப்பு வலியோடு சேற்றில் இறங்கி வைத்துவிட்டு வருவேன்.

"இன்னாடி, பூச்சிக்குப் பாயசமா? எனக்கு ஒரு டீ போடத்தான் கை வரமாட்டேங்குது" என்பார் வீட்டுக்காரர்.

"மழையில அதுங்க எங்கங்க போவும்?"

"நான் மட்டும் எங்க போவேன்?"

நாலைந்து நாளில் பெட்டி முகப்பில் பழுப்புக் கறை கோடு கோடாக வழிந்தது. கீழே ஈக்கள் செத்துக் கிடந்தன. சத்து போதவில்லை என்று நினைத்து, வெல்லத்தை இன்னும் கெட்டியாகக் கரைத்தேன்.

பயிற்சி கொடுத்த பெண் ஊரில் பெட்டிகளைப் பார்க்க வந்தாள். மூடியைத் திறந்தவள் கொட்டாங்கச்சியை எடுத்து மோந்தாள்.

"இன்னா ஆயா ஊத்தினீங்க?"

"வெல்லந்தாம்மா. நல்ல வெல்லம்."

"ஐயோ! அதான் வயித்தால போவுது. வெல்லம் அதுங்களுக்குச் சேராது. வெள்ளைச் சர்க்கரைதான் வெக்கணும். அன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"மூணு சட்டத்துலதான் ஈ மிச்சம். ராணி இருக்குது. சர்க்கரைய வெச்சுப் பாருங்க. இருந்தா இருக்கும், இல்லன்னா பறந்துடும்."

போகாதே என்று ஈயிடம் கெஞ்சிக் கேட்கவும் எனக்குத் தெரியாது. ரேஷன் சர்க்கரை முழுக்கப் பெட்டிக்குப் போனது. வீட்டில் எல்லாருக்கும் வெறும் டீ. காலையில் எழுந்ததும் முகம் கூடக் கழுவாமல் போய்ப் பெட்டியில் காது வைப்பேன். சத்தம் கேட்டால்தான் அடுப்புப் பக்கமே கால் போகும்.

பூக்காலம் வந்தது. ஊரில் மற்றவர்கள் தேன் எடுத்தார்கள். நான் மேல் அறையைத் திறந்தேன். ஒரு சொட்டு இல்லை. கீழ் அறையில் ஆறு சட்டம் நிறைய ஈ.

"தேன் எங்கடி?" என்று வாசலில் இருந்து குரல் வந்தது.

"ஈ இருக்குதுங்க."

"ஈய நக்கறதா?"

மூடியை மூடி, மேலே கல்லை ஏற்றிவிட்டு, பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.