நான் குத்திய நாலு ஓட்டை

எங்கள் ஊர் செங்கல்பட்டுக்கும் திருப்போரூருக்கும் நடுவில், காட்டு ஓரமாக இருக்கிறது. பின்னால் இருக்கும் மலையில் சிவப்புக் கொடி ஏறினால் அன்றைக்கு ஆடு மாடு அந்தப் பக்கம் போகக் கூடாது. பட்டாளத்துக்காரர்கள் துப்பாக்கி சுடும் நாள் அது. எனக்கு அன்றைக்குத்தான் வேலை.

நான் அஞ்சாவது வரை படித்தவன். கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கழனிகளில் மனைக்கல் நட ஆரம்பித்ததும் அந்த வேலை குறைந்துபோனது. தொண்ணூறுகளின் கடைசியில் குழி வேலையில் சேர்ந்தேன். சுடுகிறவர்களுக்கு எதிரே பெரிய மண்மேடு இருக்கும். அதன் அடியில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாக ஒரு குழி. நாங்கள் அதற்குள் நின்றுகொண்டு, ஆள் உருவம் வரைந்த தாளை மரச்சட்டத்தில் ஒட்டி மேலே தூக்குவோம். குண்டு எங்கள் தலைக்கு மேலே போகும். விசில் கேட்டதும் சட்டத்தை இறக்குவோம். அதிகாரி வந்து ஓட்டைகளை எண்ணி எழுதிக்கொள்வார். அதற்குப் பிறகு துண்டுத் தாளில் மைதா பசை தடவி ஓட்டைகளை அடைத்து, மறுபடி தூக்குவோம். பகல் முழுக்க இதுதான்.

யாரிடமும் அதிகம் பேச வராத எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. குழிக்குள் யாரும் யாரையும் பேசச் சொல்ல மாட்டார்கள். பேச்செல்லாம் என் மனைவியின் தம்பி பார்த்துக்கொள்வான். அவனும் குழி வேலைக்காரன்தான். பத்தாவது ஃபெயில், ஆனால் இங்கிலீஷ் கொஞ்சம் வரும்.

வேறு நாட்டு ராணுவத்துக்கு நம் அரசாங்கம் பயிற்சி கொடுக்கிறது என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. வருசா வருசம் ஒரு கூட்டம் வரும். "இவுங்களுக்கு எதுக்கு நம்ம செலவு?" என்று மச்சான் கேட்டதற்கு, குழிக்குப் பொறுப்பான வேலூர்க்கார ஹவில்தார் சொன்னார்: "அவன் ஊருக்கு நாம ரோடு போட்டுக் குடுத்தா நாலு மழையில போயிடும்யா. அவன் ஆபீசருக்குத் துப்பாக்கி புடிக்கக் கத்துக் குடுத்தா சாவுற வரைக்கும் நம்ம ஆளு."

ஒரு வருசம் ஆப்பிரிக்காவில் இருக்கும் ஒரு நாட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அவர்களும் முறை வைத்துக் குழி வேலை பார்க்க வேண்டும். அப்படி என் பக்கத்தில் வந்து நின்றவர் உயரமான ஆள். குழியிலேயே அவர் தலை குனிந்துதான் நிற்பார். பசையை வாரி வாரிப் பூசினார். நான் அவர் கையைப் பிடித்து, விரல் நுனியில் தொட்டுத் தடவி, கட்டை விரலால் அழுத்தக் காட்டினேன். அடுத்த நாளே என்னைவிட நன்றாக ஒட்டினார். அவரும் என்னைப் போல அதிகம் பேசாதவர். என் புளிச்சோற்றை வாங்கித் தின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு பெண் குழந்தையின் படத்தை எடுத்துக் காட்டினார்.

மச்சான் அவரிடம் ஏதோ பேசிவிட்டு என்னிடம் திரும்பினான். "மாமா, அவுரு ஊர்ல சண்ட நடந்துகினு கீதாம். இங்க பாஸானா நேரா சண்டைக்கு அனுப்பிடுவாங்களாம். ஃபெயிலானா ஸ்டோர்ல அரிசி மூட்ட பாத்துக்கணுமாம். அண்ணங்காரரு போன வருசம்தான் அந்தச் சண்டையில செத்தாராம்."

அவனே தொடர்ந்து சொன்னான்: "நான் அந்த ஊர்ல பொறந்திருக்கணும் மாமா. ஃபெயிலானா அங்கதான் உசுரு பொழைக்கும். இங்க குழியில தள்ளிடுறானுங்க."

அது தனக்கும் புரிந்ததுபோல அவர் சிரித்தார்.

அவர் சுட்டால் தாளில் ஓட்டையே இருக்காது. அதிகம் போனால் அஞ்சு குண்டில் ஒன்று ஓரத்தில் உரசும். பாவம், கை வரவில்லை என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை மாமல்லபுரம் கூட்டிப்போனார்கள். தண்ணீர் கேனும் சாப்பாட்டுக் கூடையும் தூக்க நாங்களும் லாரியில் போனோம். கடற்கரைக் கோயில் பார்த்துவிட்டு எல்லாரும் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் மட்டும் பலூன் சுடுகிற கடைப் பக்கம் போனார். நான் கேனோடு பின்னால் போனேன். கடைக்காரர் கொடுத்த காற்றுத் துப்பாக்கியை வாங்கினார். மேல் வரிசையில் இடது கோடியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே போனார். ஒன்றுகூடத் தப்பவில்லை. "யோவ், என் பொழப்ப கெடுக்காத, போய்யா" என்று கடைக்காரர் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டார்.

திரும்பியவர் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. விரலை உதட்டில் வைத்தார். நான் தலையாட்டினேன். மச்சானிடம்கூட அதை நான் சொல்லவில்லை.

கடைசிப் பரீட்சை அன்று அவர் சுட வேண்டிய உருவத்தைத் தூக்கியது நான்தான். தலைக்கு மேலே அஞ்சு குண்டும் போய் மண்ணில் புதைந்தன. சட்டத்தை இறக்கினேன். தோள் ஓரத்தில் ஒரே ஒரு ஓட்டை. ஹவில்தார் வந்து எட்டிப் பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நெஞ்சுல நாலு போடுய்யா. சீக்கிரம். ஐயா வந்துடுவாரு."

நான் பென்சிலை வாங்காமல் நின்றேன்.

"இன்னாய்யா முழிக்கிற? விருந்தாளிய ஃபெயிலாக்கி அனுப்பினா டெல்லி வரைக்கும் பதில் சொல்லணும். அப்புறம் அவங்க நாட்டுக்காரன் வேற எவன்கிட்டயாவது போய்க் கத்துக்குவான்."

பென்சில் ஓட்டை எங்களுக்குப் புதிதில்லை. நம் ஆட்களுக்கே குத்தியிருக்கிறோம். குண்டு போன ஓட்டையின் விளிம்பில் கருப்பாக வளையம் இருக்கும். பென்சிலை நன்றாகத் திருகினால் அதுவும் வந்துவிடும். அவருக்கு வேண்டாம், அவர் பாஸாக விரும்பவில்லை என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் வேண்டுமென்றே தப்பாகச் சுடுகிறார் என்று ஆகிவிடும். அவரை என்ன செய்வார்களோ. மச்சான் என் முகத்தையே பார்த்தான். ஹவில்தார் என் தோளை இடித்தார். வாங்கிக் குத்தினேன். நாலும் நெஞ்சில்.

அதிகாரி இறங்கி வந்தார், சுட்டவரும் பின்னால் வந்தார். அதிகாரி எண்ணினார், எழுதினார், அவர் முதுகில் தட்டிக்கொடுத்து அடுத்த சட்டத்துக்குப் போனார். அவர் மட்டும் நின்றார். நாலு ஓட்டையையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பசை டப்பாவை வாங்கிக்கொண்டார். விரல் நுனியில் தொட்டு, நாலு துண்டுத் தாளில் தடவி, ஒவ்வொன்றாக ஒட்டிக் கட்டை விரலால் அழுத்தினார். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. தோளில் இருந்த தன் ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு, டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு மேலே ஏறிப்போனார்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் நடந்து வரும்போதுதான் தோன்றியது. உருவத்துக்கு வெளியே குத்தியிருக்கலாம். அவசரத்தில் கை தவறிவிட்டது என்று சொன்னால் ஹவில்தார் திட்டிவிட்டுப் போயிருப்பார். எனக்குத் திட்டு ஒன்றும் புதிதில்லை. குழியில் அது ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருசம் கழித்து அதே நாட்டிலிருந்து வேறு ஆட்கள் வந்தார்கள். மச்சானுக்கு அவர் பெயர் ஞாபகம் இருந்தது. நானே அவனைக் கேட்கச் சொன்னேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போய்க் கேட்டான். அந்த ஆள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். ரொம்ப நேரம் பேசினார். நடுவில் ஒருமுறை கையால் தூரத்தைக் காட்டினார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

திரும்பி வந்து, "தெரியாதாம் மாமா" என்றான்.

தெரியாது என்று சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது. ஒரு நாளில் நூறு பேச்சுப் பேசுகிறவன் அன்று அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. விசில் அடித்தது. பசை டப்பாவை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். பென்சில் கொடுத்தால் வாங்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் இறங்கினேன். அன்றைக்கு யாரும் கொடுக்கவில்லை.