பேரன் பெயருக்குப் போன நிலம்

பழனிவேல் ஓட்டுவது கம்பெனி பஸ். மண்ணூரில் தொடங்கி ஊர் ஊராக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரகடத்தில் இறக்க வேண்டும். அங்கே ஷிப்ட் முடித்து நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அதற்கு முன்னால் டிப்பர் லாரி ஓட்டினார். இந்தப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்த காலத்தில் வயல்களை மேடாக்க மண் அடித்த லாரிகளில் அவருடையதும் ஒன்று. சொந்த ஊரான வல்லம் வடகாலின் வயலிலேயே மண் கொட்டியிருக்கிறார். அதைப் பற்றி யாராவது உருக்கமாகப் பேச வந்தால், "நான் கொட்டலன்னா வேற எவனாவது கொட்டிகினு போயிருப்பான்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார். ஸ்டியரிங் பிடித்த கையால் மண்வெட்டி பிடிக்க அவருக்கு எந்தக் காலத்திலும் ஆசை இருந்ததில்லை.

நிலத்தை விடாமல் வைத்திருந்தவர் அவருடைய அப்பா நரசிம்மன். வல்லம் வடகாலில் தொழிற்பேட்டைக்கு அரசாங்கம் எடுத்தது போக நாற்பது சென்ட் மிஞ்சியிருந்தது. அதற்குப் போகும் மண்பாதைக்கு ஒரு பக்கம் ஒரு கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர், மறுபக்கம் குட்டை. புரோக்கர்கள் காரில் வந்து வந்து போனார்கள். கிழவர் அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்புவார். விற்பேன் என்றும் சொல்ல மாட்டார், விற்க மாட்டேன் என்றும் சொல்ல மாட்டார். ஒரே பிள்ளை என்பதால் நிலம் தனக்குத்தான் வரும் என்று பழனிவேல் நினைத்திருந்தார். வந்தால் அதை என்ன செய்வது என்று மட்டும் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

நினைத்துப் பார்த்தவன் அவருடைய மகன் விமல். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறான். அளவை அதில் ஏற்றிவிட்டால் இரும்பைத் தானே கடைந்து தள்ளும் மெஷின் அது. சின்னச் சின்ன பாகங்களைப் பெரிய கம்பெனிகள் வெளியே கொடுத்துச் செய்து வாங்குகின்றன. ஒரு ஷெட்டும் ஒரு மெஷினும் இருந்தால் தானே செய்து கொடுக்கலாம் என்று அவனுக்கு ஒரு வருஷமாகவே யோசனை. வீட்டில் அம்மா காந்திமதியிடம் மட்டும் சொல்லியிருந்தான். பேங்கில் விசாரித்தபோது, இடம் உன் பேரில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். அதோடு வாயை மூடிக்கொண்டான்.

காந்திமதி மூடிக்கொள்ளவில்லை. மாமனாரின் காதில் போட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நரசிம்மன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"அந்த நாப்பது சென்ட்ட விமல் பேர்ல எழுதிடலாம்னு கீறேன்."

விமலின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. காந்திமதி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். தன்னைத் தாண்டிப் போகிறது என்பது பழனிவேலுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. நெஞ்சில் சுருக்கென்று ஒன்று தைத்தது.

"ஏன் நைனா, எனக்கு இல்லையா?"

"உனக்குக் குடுத்தா நீயும் சும்மா வெச்சிகினு இருப்ப. நான் வெச்சிகினு இருந்தேனே, அந்த மாதிரி. அவனுக்கு அதுல ஒரு வேலை கீது."

பழனிவேல் மகனைப் பார்த்தார். "இன்னாடா வேலை?"

விமல் சொல்ல ஆரம்பித்தான். முதலில் திக்கித் திக்கி, பிறகு கை காய்ந்துபோவதுகூடத் தெரியாமல். ஷெட் எந்தப் பக்கம் வரும், கரண்ட் எங்கிருந்து இழுப்பது, யார் ஆர்டர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் சொன்னான். கேட்கக் கேட்கப் பழனிவேலுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. இத்தனை வருஷம் ஆட்களைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் அடுத்தவன் கேட்டில்தான் இறக்கியிருக்கிறார். நம் வீட்டுக்கும் ஒரு கேட் வரும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. நெஞ்சில் தைத்தது எப்போது போனதென்றே தெரியவில்லை.

"எப்ப எழுதலாம் நைனா?" என்றார்.

நிலம் பாட்டன் வழியில் வந்தது. ஆகவே நரசிம்மன் எழுதிக் கொடுத்தாலும் பழனிவேலும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று பத்திரம் எழுதுகிறவர் சொன்னார். நாள் குறித்தாயிற்று. விமலுக்கு அப்போது நைட் ஷிப்ட். காலையில் முடித்துவிட்டு நேரே ஸ்ரீபெரும்புதூர் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். கிழவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி முதல் ஆளாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

டோக்கன் நெருங்கும் நேரத்தில் விமலிடமிருந்து போன் வந்தது. "அப்பா, மாத்திவுட வேண்டிய ஆள் வரல. லைனை வுட்டுட்டு வரமுடியாது. இன்னொருத்தரை அனுப்பறேன்னு சூப்பர்வைசர் சொல்லிகீறாரு. பைக்கும் பஞ்சர்."

"நீ கேட்டாண்ட வந்து நில்லு" என்று பழனிவேல் பைக்கை எடுத்தார்.

பெங்களூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வால்பிடித்து நின்றன. பழனிவேல் அந்தப் பக்கமே போகவில்லை. தினமும் பஸ் ஓட்டுகிறவருக்கு எந்தத் தெரு எங்கே போய் முட்டும், எது முட்டாமல் வெளியே வரும் என்று தெரியாதா. அவர் கேட்டை அடைந்தபோது, மாற்று ஆள் வந்துவிட்டதால் விமல் யூனிபாரத்தோடும் சேப்டி ஷூவோடும் ஓடிவந்து பின்னால் ஏறினான். திரும்பும்போது வண்டி இன்னும் வேகமாகப் போனது.

"அப்பா, மெதுவாப்பா. நெலம் எங்கயும் ஓடிறாது."

"நீ இன்னும் ஓனர் ஆவல. வாய மூடிகினு ஒக்காரு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பின்னாலிருந்தவனும் சிரித்தான்.

அவர்கள் உள்ளே நுழையவும் நரசிம்மனின் பெயரைக் கூப்பிடவும் சரியாக இருந்தது. போட்டோ எடுத்தார்கள், கைரேகை வாங்கினார்கள். அதிகாரி கிழவரிடம், "உங்க இஷ்டப்படிதான் எழுதிக் குடுக்கறீங்களா? யாரும் கட்டாயப்படுத்தலையே?" என்று கேட்டார்.

"என்னைக் கட்டாயப்படுத்த எவனுக்கும் தில்லு கெடையாது சார்" என்றார் நரசிம்மன்.

அதிகாரி சிரித்துக்கொண்டே பழனிவேல் பக்கம் திரும்பினார். "உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம் சார்." குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

பட்டா மாறியது, பேங்கில் கையெழுத்தானது, ஷெட் எழும்பியது. ஐப்பசி மழைக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து மெஷின் லாரியில் வந்து ரோட்டில் நின்றது. இறக்குவதற்கான கிரேன் ஷெட் வாசலில் காத்திருந்தது. லாரி டிரைவர் சின்னப் பையன். இறங்கி மண்பாதையையும் சுவரையும் குட்டையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உள்ள போனா திரும்பறதுக்கு எடமில்லீங்ணா. ரிவர்ஸ்லயேதான் போகணும். குட்டைக்குள்ள சாஞ்சுதுன்னா மெஷினும் போயிரும், நானும் போயிருவேன்."

கிரேன்காரர் நேரமாகிறது என்றார். விமலின் முகம் வெளுத்துப்போயிற்று. பழனிவேல் பாதையில் ஒருமுறை நடந்து போய்விட்டு வந்தார். ஓர் இடத்தில் நின்று கரையைக் காலால் மிதித்துப் பார்த்தார்.

"தம்பி, நான் எடுத்துப் பாக்கட்டுமா?"

பையன் தயங்கினான். "குடு தம்பி" என்றாள் காந்திமதி. "இந்த எடத்துல டிப்பர் ஓட்டின ஆளுதான் அவரு."

சாவி கைமாறியது. சுவர்ப் பக்கம் விமலும் குட்டைப் பக்கம் நரசிம்மனும் நின்றார்கள். ரோட்டில் போன ஷிப்ட் ஆட்கள்கூட வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். பழனிவேல் ரிவர்ஸ் கியரைப் போட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டார்.

"வா, வா, வா" என்று கிழவர் துண்டை ஆட்டினார். "ஸ்டியரிங்க ஒடிக்காத. நேரா வுடு. வா."

பாதி தூரத்தில் பின்சக்கரத்தின் ஓரம் கரை உடைந்து, மண் தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. காந்திமதி கண்ணை மூடிக்கொண்டாள். பழனிவேல் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த இடத்திலேயே அமிழ்ந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே கை நுழையாது. அப்படி ஒட்டி லாரி பின்னோக்கி ஊர்ந்தது. உள்ளங்கை ஈரமாகி ஸ்டியரிங் வழுக்கியது. கிரேனின் கொக்கிக்கு நேர் கீழே மெஷின் வந்து நின்றதும் விமல் ஓடிவந்து கதவைத் திறந்து, அப்பாவின் கையைப் பிடித்து இறக்கினான். அந்தக் கையை வெகுநேரம் விடவில்லை. லாரி டிரைவர் எல்லோருக்கும் முந்திக் கைதட்டினான்.

கரண்ட் வந்த அன்று நான்கு பேரும் மெஷினின் கண்ணாடி முன்னால் நெருக்கியடித்து நின்றார்கள். விமல் பட்டனை அழுத்தினான். உள்ளே சூடு தணிக்கும் ஆயில் தண்ணீர் வெள்ளையாகப் பீறிட்டது. இரும்பு சுருள் சுருளாக உரிந்தது. கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு பாகம் வெளியே வந்தது. விமல் அதைத் துடைத்து, அளந்து பார்த்து, அப்பாவிடம் நீட்டினான். பழனிவேல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் அப்பாவின் கையில் வைத்தார்.

நரசிம்மன் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு போடு" என்றார்.