மீந்த மாத்திரை

முதலில் இடுப்பில்தான் வலித்தது. கேஸ் சிலிண்டரை நகர்த்தியதில் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். புற்றுக்காக மார்பகத்தை எடுத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. தஞ்சாவூரில் ஸ்கேன் பார்த்தவர் மெட்டாஸ்டாசிஸ் (புற்று வேறு உறுப்புக்குப் பரவுதல்) என்றார். முதுகெலும்புக்கு வந்திருந்தது.

மன்னார்குடி டாக்டரம்மா மார்ஃபின் (அபினிலிருந்து எடுக்கும் கடும் வலிநீக்கி) எழுதினார். நான் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். பசி என்று ஒன்று இருந்ததே என்று வியந்தேன்.

எங்கள் ஊரில் நடவு முடிந்து மீந்த நாற்றைக் காயவிட மாட்டோம், பக்கத்து வயலுக்குக் கொடுத்துவிடுவோம். தொண்டைப் புற்றில் இறந்த எங்கள் ஊர் செல்வராசுவின் மனைவி, அவருக்கு எழுதி மீந்த மார்ஃபின் மாத்திரைகளையும் அப்படித்தான் கொடுத்தாள், இடுப்பொடிந்து கிடந்த அடுத்த வீட்டுக்காரருக்கு. பழக்கமில்லாத உடம்பு. பலவற்றைச் சேர்ந்தாற்போல் விழுங்கியவருக்கு மூச்சு மெல்லக் குறைந்து நின்றுபோனது.

மாத்திரை யார் எழுதியது என்று போலீஸ் கேட்டது. என் டாக்டரம்மாதான். தேவைக்கு மேல் எழுதினார் என்று வழக்கு. ஜாமீனில் வந்தவர் என்னைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.

"எழுதுனா நான் குத்தவாளி. எழுதலன்னா நீங்க துடிக்கிறீங்க. நான் என்னக்கா செய்ய?"

தஞ்சாவூரில் வேறொரு மருத்துவர் என் சீட்டைப் படித்துவிட்டு மேசைமேல் திருப்பி நகர்த்தினார். "அந்தக் கேஸு முடியட்டும்ங்க."

கேஸ் முடியும்வரை வலி காத்திருக்குமா? என் கணவர் அந்தோணி மீண்டும் மன்னார்குடிக்கே அழைத்துப்போனார்.

டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். தினமும் சாயங்காலம் வந்து அவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். வீட்டுக்கு ஒன்றும் தரமாட்டார்.

இப்போது அப்படித்தான். வாய்க்கால் கரைப் பள்ளங்களில் வண்டி குலுங்க, வலியைத் தணிக்க வலியோடு போகிறேன். வாயைத் திறக்கிறேன்.

"நாக்கத் தூக்குங்கக்கா. மன்னிச்சுக்குங்க."

"பள்ளிக்கூடத்துல பூச்சி மாத்திரை குடுக்குற மாதிரியே இருக்குங்க" என்றார் அந்தோணி. டாக்டரம்மா சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதைப் படிக்கும் நீங்களும் என்னைப்போல் என்றால், ஒன்று கேட்கிறேன்: மீந்ததை மருத்துவரிடமே திருப்பிக் கொடுங்கள். இரக்கப்பட்டும் யாருக்கும் தராதீர்கள்.

நேற்று டாக்டரம்மா சொன்னார்: "நாளைக்கு எனக்கு வாய்தா. கோர்ட்ல எப்ப விடுவாங்கன்னு தெரியல."

ஒரு மாத்திரையைத் தாளில் மடித்தார். என் கைக்கு நேரே நீட்டினார். நான் கையை விரித்தேன். அவர் விரல்கள் விடவில்லை. பிறகு அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா."

நினைக்கவில்லை. நான் அந்த இடத்தில் இருந்தாலும் பூட்டியிருப்பேன்.

திரும்பும் வழியில் வலி இல்லை. வயலெங்கும் வெயில் சாய்ந்து கிடந்தது. ஆனாலும் அந்தோணியின் முதுகைப் பிடித்திருந்த என் கை இறுகியிருந்தது. இல்லாத வலிக்கு உடம்பு முன்கூட்டியே ஒடுங்கிக்கொள்கிறது. இன்று மாலை வருமுன்பே மனதளவில் நான் அந்த மாலைக்குள் போய்விட்டேன், பூட்டிய மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.