மூன்றாவது சிபாரிசு

டாக்னி பிரெக்கியின் வாயில் ஒன்றும் கொழுக்கட்டை இல்லை. மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தில் போனில் புகார் கேட்பதுதான் அவள் வேலை. கரண்ட் போன கோபத்தில் கத்துகிறவனைக்கூடப் பேசியே குளிர வைத்துவிடுவாள். ஆனால் தனக்கென்று ஒன்று கேட்க வேண்டுமானால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மின்னசோட்டாவில் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருமே அப்படித்தான். ஒரு வாய் காபி வாங்குவதற்கு முன்னால் ‘வேண்டாம், உங்களுக்கெதற்குச் சிரமம்’ என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். இதற்கு நாகரிகம் என்று பெயர். என்ன நாகரிகமோ, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது!

மாலை வகுப்பில் படித்துப் பட்டம் வாங்கியவளுக்கு, தொடர்பியலில் முதுகலை படிக்க வேண்டுமென்று ஆசை. காரில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரே ஒரு பல்கலைக்கழகம். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மேடைப் பேச்சு வகுப்பு எடுத்தால் கட்டணம் கிடையாது, சம்பளமும் தருவார்கள். அடுத்த ஆண்டிலிருந்து அந்தப் படிப்பையே மூடப்போவதாக அறிவித்துவிட்டதால், இந்த முறை விட்டால் விட்டதுதான். சிற்றூர் மனிதர்கள் கேட்க நினைப்பதை ஏன் கேட்காமலே விடுகிறார்கள் என்பதுதான் அவள் ஆராய விரும்பிய விஷயம். விண்ணப்பத்தில் அதை அழகாக எழுதியும் இருந்தாள். சிரிப்பதா அழுவதா, சொல்லுங்கள்.

மூன்று சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும். இரண்டு போய்ச் சேர்ந்துவிட்டன. மூன்றாவது, அவளுக்குப் பாடம் நடத்திய ஸ்வென்ட்சன் அனுப்ப வேண்டியது. விண்ணப்பத்தைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் அவர் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்றே இருந்தது.

பக்கத்து மேசை டெனிஸ் நியூ ஜெர்சிக்காரி. மனதில் பட்டதைப் போட்டு உடைப்பவள். “ஏண்டி, போனப் போட்டு ‘என்ன சார் ஆச்சு’ன்னு கேக்க வேண்டியதுதானே? வாய்முத்து உதிர்ந்துடுமா?”

“பாவம், அவருக்கு எத்தனை வேலையோ. நச்சரிச்சா நல்லாவா இருக்கும்?”

“அழுத புள்ளதான்டி பால் குடிக்கும்!”

கடைசியில் டாக்னி எலுமிச்சைக் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள். இருவரும் காபி குடித்தார்கள். ஏரியில் பனிக்கட்டி ஆள் ஏறி நடக்கப் போதிய கனத்துக்கு உறைந்துவிட்டதா என்று பேசினார்கள். தெருவில் பனி அள்ளும் வண்டி இந்த ஆண்டு தாமதமாக வருவதைப் பேசினார்கள். வாசலில் நின்றபடி இன்னும் கொஞ்ச நேரம் பேசினார்கள். கடிதம் என்ற சொல்லை இருவருமே எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. அன்று காலையில் நினைவூட்டலாக அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். மறுபடியும் குளிர், மறுபடியும் ஏரி. கடைசி வரி: ‘மற்றபடி ஒன்றும் அவசரமில்லை சார்.’

திங்களன்றும் ‘வரவில்லை’. டெனிஸ் போனைப் பிடுங்கி அவர் எண்ணை அழுத்தி அவள் கையில் திணித்தாள்.

“அதுவா? எப்பவோ எழுதி வச்சுட்டேனேம்மா,” என்றார் ஸ்வென்ட்சன். “லெட்டர் கேட்ட அன்னைக்கே நீதானே ‘அவசரமில்ல சார், அப்ளை பண்றதே இன்னும் முடிவாகல’ன்னே? வீட்டுக்கு வந்தப்பவும் அதப்பத்திப் பேசல. சரி, மனசு மாறிட்டே போலிருக்கு, கேட்டா சங்கடப்படுவியேன்னு நானும் விட்டுட்டேன்.”

அவர் அப்போதே அனுப்பினார். டாக்னி பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்த பெண்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வருத்தமாத்தான் இருக்கு. பார்க்கலாம்மா,” என்றாள்.

இந்தப் ‘பார்க்கலாம்’ டாக்னிக்குத் தெரியாதா? தினமும் எத்தனை பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள்!

“பார்க்கலாம்னா எனக்குப் போதாதுங்க. எடுத்துப்பீங்களா மாட்டீங்களா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

மறுமுனை திகைத்துப் போனது தெரிந்தது. “மாட்டோம்மா. விண்ணப்பப் பட்டியல் தேர்வுக் குழுவுக்குப் போயாச்சு.”

வீட்டுக்கு வந்தபோது புருஷன் லோவெல் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தான்.

“என்ன, நாளு எப்படிப் போச்சு?”

“நாசமாப் போச்சு. அந்தப் படிப்பு எனக்கு வேணும், லோவெல். இத்தனை வருஷத்துல வேற எதையும் நான் இப்படி ஆசப்பட்டதில்ல. கையை விட்டுப் போயிடுச்சு.”

லோவெல் மண்வாரியை ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்தான்.

“சும்மாதான் போட்டு வைக்கிறேன், கெடைக்காட்டி ஒண்ணுமில்லன்னு நீதானே சொன்னே? இவ்வளவு ஆசன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, அந்தாளு அனுப்புற வரைக்கும் அவர் வீட்டு வாசல்ல நானே போய் உக்காந்திருப்பேனே!”

டாக்னிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.