அக்ரபீனாவின் பத்து விரல்கள்

எங்கள் ஊரில் கடை வைத்திருப்பவள் நான். ஊரை ஒட்டி ஓடும் யானா ஆறு உறைந்து லாரி போகும் பாதையானால்தான் என் அலமாரிகள் நிறையும். அந்தப் பாதையில் இருபத்தாறு வருடம் சரக்கு ஏற்றி வந்தவர் எதிர்வீட்டு கவ்ரில். பழைய டீசல் லாரி. பனிக்காலத்துக்கு அதைத் தயார் செய்யும்போது ஷெட்டுக்குள் யாரையும் விடமாட்டார், மனைவி அக்ரபீனாவைக்கூட.

அந்த பிப்ரவரியில்தான் அது நடந்தது. டேங்கின் அடியில் கோடைக்கால டீசல் கொஞ்சம் மிச்சமிருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஆற்றின் நடுவே, மைனஸ் ஐம்பத்து மூன்றில், அது மெழுகாய்த் திரண்டு ஃபில்டரை அடைத்துக்கொண்டது. ஃபில்டரின் சின்ன நட்டு கையுறைக்குப் பிடிபடவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்கையால் திருகினார். லாரி ஊர் வந்து சேர்ந்தது. வலது கையில் குளிரில் உறைந்து செத்துப்போன நான்கு விரல் நுனிகளை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

கோடை முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். லாரியை விற்றுவிடலாம் என்றார். அக்ரபீனா சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. பனிக்காலக் காலணிகள் தைத்து விற்பவள் அவள். பேசும்போதும் கை ஊசியில்தான் இருக்கும்.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, அவருடைய பழைய கோட்டை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். வாளியை வைத்துவிட்டு லாரிக்கு அடியில் நுழைந்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கவ்ரில் வீட்டுச் செருப்போடு ஓடி வந்தார்.

"ஏய் கிழவி! என்னத்த திறக்கிற? அது கியர்பாக்ஸ் ஆயில்!"

"எனக்கென்ன தெரியும்? பழைய எண்ணெய எடுக்கணும்னு நீதான வருஷா வருஷம் புலம்புவ."

"இஞ்சின் ஆயில்டி! தள்ளு, தள்ளு!"

அவள் தெரிந்தே தப்பான மூடியைத் திறந்தாளா என்று பிறகு கேட்டேன். நூலைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று ஆரம்பித்த வேலை ஐந்து வாரம் ஓடியது. டேங்கைக் கடைசிச் சொட்டு வரை வடித்துவிட்டு, கடுங்குளிருக்கான டீசலை ஊற்றினார்கள். இஞ்சினுக்கு லேசான எண்ணெய். விறைத்துப்போயிருந்த ரப்பர் குழாய்களைப் புதிதாய் மாற்றினார்கள். கதவுக் கண்ணாடிகளில் பனி படியாமலிருக்க உள்ளே இன்னொரு கண்ணாடி ஒட்டினார்கள். பேட்டரி இரண்டும் வீட்டுக்குள் அடுப்படிக்கு வந்தன. இஞ்சினைச் சுற்றிப் போர்த்த, தடித்த கம்பளியையும் தார்ப்பாயையும் சேர்த்து அவள் ஒரு போர்வை தைத்தாள். பிரேக் காற்றுக்குழாயில் தண்ணீர் உறையாமலிருக்க ஸ்பிரிட் ஊற்றியபோது கவ்ரில் பெருமூச்சு விட்டார்.

"லாரிக்குச் சாராயம், எனக்கு வெறும் டீயா?"

"லாரி குடிச்சிட்டுப் பாடாது. நீ பாடுவ."

ஒருநாள் ஸ்பேனர் மூன்றாவது தடவை அவர் கையிலிருந்து நழுவியது. சுவரில் விட்டெறிந்தார். நான் அவர்களுக்கு ரொட்டி கொண்டு போயிருந்தேன், வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்ரபீனா ஸ்பேனரை எடுத்து வந்து, அந்த மொட்டை விரல்களைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

"நம்ம வீட்ல இன்னும் பதினாறு முழு விரல் இருக்கு, எண்ணிட்டேன். எந்த நட்டு, எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு."

அவர் இஞ்சின் பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு, "இடது பக்கம். மெதுவா, கால் சுத்து" என்றார்.

டிசம்பரில் ஆறு கெட்டிப்பட்டது. கிளம்பும் காலையில் மைனஸ் நாற்பத்தெட்டு. இஞ்சினுக்குக் கீழே ஒரு மணி நேரம் தீ ஊதி எண்ணெயை இளக்கினார்கள். லாரி இருமியது, நின்றது, மறுபடி இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. கவ்ரில் அவளுக்குக் கையாட்டத் திரும்பினால், அவள் ஏற்கெனவே பக்கத்து இருக்கையில் ஏறியிருந்தாள்.

"நீ எங்க வர்ற?"

"என் விரல் எங்க போகுதோ அங்க."

போகும் வழியில் எதுவும் ஆகவில்லை. திரும்பும்போது, பெட்ரோல் பங்கில் அடித்த டீசலில் தண்ணீர் கலந்திருந்தது போலிருக்கிறது, நடு ஆற்றில் வண்டி இழுக்க மறுத்தது. மதிய வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம். கவ்ரிலின் முகம் வெளுத்துவிட்டது. அக்ரபீனா, இதற்கென்றே தைத்து வைத்திருந்த மெல்லிய தோலுறையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் வழி சொன்னார். ஒவ்வொரு நிமிடமும் வேலையை நிறுத்தச் சொல்லி, தன் கோட்டைத் திறந்து அவள் கைகளை வயிற்றோடு அணைத்துச் சூடாக்கி, பிறகுதான் விட்டார். ஒன்பது நிமிடத்தில் புது ஃபில்டர் ஏறிவிட்டது.

"அவரு வயிறு நல்லா சூடு. ஆனா கூச்சத்துல நெளிஞ்சிட்டே இருந்தாரு" என்று என்னிடம் சொன்னாள்.

என் கடைக்கு வெங்காயமும் மாவும் ஒரு குறையில்லாமல் வந்து இறங்கின. அந்தக் குளிர்காலம் பதினொரு தடவை போய்வந்தார்கள். மார்ச்சில், ஆறு நேராகக் கிடக்கும் இடங்களில் ஸ்டியரிங்கை அவளிடம் கொடுத்துவிட்டு, கவ்ரில் தலையைச் சாய்த்து நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தார். ஓடும் லாரியில் அவர் அதற்குமுன் தூங்கியதே இல்லையாம்.